முப்பத்தாறு வயதில் வந்த அணித்தலைவர்: வன்கூவரில் மார்க் மெசியரின் மூன்று வருடங்கள்

1997 ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் கனடாவின் மேற்குக்கரை நகரான வன்கூவரில் இருந்து வந்த ஒரு செய்தி வட அமெரிக்காவின் விளையாட்டுப் பக்கங்களை நிறைத்தது. நியூயோர்க் ரேஞ்சர்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் தலைவராக இருந்த மார்க் மெசியர், வன்கூவர் கனக்ஸ் அணியுடன் மூன்று வருட ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டிருந்தார். ஒப்பந்தத்தின் பெறுமதி சுமார் 20 மில்லியன் அமெரிக்க டொலர்கள். அப்போது அவருக்கு வயது 36.

அந்த நாட்களில் நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். செய்தி முகவர் நிறுவனங்களிடமிருந்து வந்து குவியும் விளையாட்டுச் செய்திகளில் கிரிக்கெட், உதைபந்தாட்டம், டெனிஸ் ஆகியவை போக மீதியெல்லாம் குப்பைக்கூடைக்கே போகும். ஹொக்கி என்றால் எமக்குத் தெரிந்தது புல்தரை ஹொக்கி. இலங்கையில் அதற்குப் பெயர்போன ஊர் மாத்தளை. பனிக்கட்டித் தரையில் சறுக்குக் காலணிகளோடு ஓடி ஆடுகின்ற ஹொக்கியைப் பற்றி எமது வாசகர்களுக்கு என்ன அக்கறை என்று நினைத்த காலம் அது. மெசியரின் செய்தியும் அவ்வாறே கூடைக்குள் போயிருக்கும். பல வருடங்களுக்குப் பின்னர், ரொறன்ரோவில் உறவினர் வீடொன்றில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தபோது, அங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அந்த ஆட்டத்தைப் பொறுமையோடு எனக்கு விளக்கினார்கள். அதன் பிறகே இந்தக் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கனடாவில் வாழும் வாசகர்களுக்கு இதில் பல விடயங்கள் ஏற்கெனவே தெரிந்தவையாக இருக்கக்கூடும். அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஐஸ் ஹொக்கியில் ஒரு நேரத்தில் களத்தில் நிற்பவர்கள் கோல் காப்பாளருடன் சேர்த்து ஆறு பேர். அவர்களில் மூவர் முன்வரிசை வீரர்கள். ஆட்டத்தின் வேகம் காரணமாக எவரும் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து களத்தில் நிற்பதில்லை. மூவர் கொண்ட நான்கு முன்வரிசைகள் மாறி மாறி இறங்கி ஏறிக்கொண்டிருக்கும். எனவே அணியில் எந்த வீரரையும் தனித்து எடைபோட முடியாது. அவர் எந்த இருவருக்கு நடுவில் நிற்கிறார், எத்தனை நிமிடங்கள் ஆடுகிறார், எதிரணி வீரர் ஒருவர் தண்டனைப் பெட்டியில் இருக்கும்போது கிடைக்கின்ற அருமையான இரண்டு நிமிடங்களில் களமிறங்குகிறாரா என்பவையெல்லாம் கணக்கில் சேரும். ஆட்டத்தின் மொத்த நேரம் 60 நிமிடங்கள். புதிதாக வருபவருக்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு நிமிடமும் ஏற்கெனவே இருப்பவர் ஒருவரிடமிருந்து எடுக்கப்படுகின்ற நிமிடமே. மெசியரின் வன்கூவர் வருகையைப் பற்றி எழுதியவர்களில் பலர் அவர் அடித்த கோல்களைத்தான் எண்ணினார்கள். அவர் வந்து அமர்ந்த இடம் யாருடையது என்ற கேள்வியில் இருந்து தொடங்குவதே முறை என்பது எனது அபிப்பிராயம்.

1961 ஜனவரியில் எட்மன்டனில் பிறந்த மெசியர், சொந்த நகரின் ஒயிலர்ஸ் அணியில் வெய்ன் கிரெட்ஸ்கியின் சகாவாக வளர்ந்தவர். அந்த அணி 1984, 1985, 1987, 1988 ஆகிய வருடங்களில் ஸ்டான்லி கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1988 ஆகஸ்டில் கிரெட்ஸ்கி லொஸ் ஏஞ்சல்ஸுக்கு விற்கப்பட்டபோது கனடாவே துக்கம் அனுஷ்டித்தது. ஒயிலர்ஸ் அணியின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழுதினர். ஆனால் தலைமைப் பொறுப்பை ஏற்ற மெசியர் 1990 இல் ஐந்தாவது தடவையாகவும் கிண்ணத்தை எட்மன்டனுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் அவர் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணிக்குச் சென்றார். அந்த அணி 1940 இற்குப் பின்னர் கிண்ணத்தைத் தொட்டதில்லை. 1994 மே மாதத்தில், நியூஜேர்சி அணிக்கு எதிரான அரையிறுதித் தொடரில் ரேஞ்சர்ஸ் தோல்வியின் விளிம்பில் நின்றபோது, ஆறாவது ஆட்டத்தில் நாங்கள் வெல்வோம் என்று பத்திரிகையாளர்களிடம் பகிரங்கமாக அறிவித்துவிட்டு, அந்த ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் தாமே மூன்று கோல்களை அடித்து வென்று காட்டினார். அந்த நாளில் இருந்து மெசியர் என்ற பெயர் தலைமைத்துவம் என்ற சொல்லுக்கு மறுபெயராகிவிட்டது.

அந்த வருட இறுதித் தொடரில் ரேஞ்சர்ஸ் சந்தித்த எதிரணி எது? வன்கூவர் கனக்ஸ். தொடர் ஏழாவது ஆட்டம் வரை சென்றது. 1994 ஜூன் 14 ஆம் திகதி நியூயோர்க்கில் நடைபெற்ற அந்தக் கடைசி ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் 3 – 2 என்ற கணக்கில் வென்றது. 54 வருடக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. வெற்றியைத் தீர்மானித்த மூன்றாவது கோலை அடித்தவர் மெசியர். வன்கூவரின் இரண்டு கோல்களையும் அடித்தவர் அந்த அணியின் தலைவர் ட்ரெவர் லின்டன். விலா எலும்புக் காயத்தோடு அவர் அன்று ஆடினார். வன்கூவர் வீதிகளில் அன்றிரவு கலவரம் மூண்டது. தோற்ற அணியின் தலைவர் தமது நகரத்தின் நாயகனாகத் திரும்பிவந்தார்.

இந்தப் பின்னணி இல்லாமல் 1997 ஒப்பந்தத்தை விளங்கிக்கொள்ள முடியாது. தமது கையிலிருந்து கிண்ணத்தைப் பறித்துச் சென்றவரையே கனக்ஸ் நிர்வாகம் மூன்று வருடங்களின் பின்னர் அழைத்து வந்தது.

ஏன் அழைத்தது? நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1995 இல் திறக்கப்பட்ட புதிய அரங்கத்தை நிரப்ப வேண்டியிருந்தது. 1996 – 97 பருவகாலத்தில் அணி பிளேஓஃப் சுற்றுக்குத் தகுதிபெறவில்லை. 1996 கோடையில் கிரெட்ஸ்கியை ஒப்பந்தம் செய்ய எடுத்த முயற்சி கடைசி நேரத்தில் கைநழுவி, அவரும் நியூயோர்க்குக்கே சென்றுவிட்டார். அந்த ஏமாற்றத்தின் காயம் ஆறாமல் இருந்த நேரத்தில் மெசியர் சந்தைக்கு வந்தார். 1997 இல் கனக்ஸ் தனது சின்னத்தையும் மாற்றிப் புதிய சீருடைக்கு மாறியது. புதிய சின்னத்துக்குப் புதிய முகம் ஒன்று தேவைப்பட்டது.

ஆட்டத் தேவையும் இருந்தது. அணியின் மிகச் சிறந்த கோல் அடிப்பவர்களான பவெல் பூரே, அலெக்சாண்டர் மொகில்னி ஆகிய இரு ரஷ்யர்களும் ஓரங்களில் ஆடுபவர்கள். நடுவில் நின்று அவர்களுக்குப் பந்தி பரிமாறுவதற்குத் தரமான ஒருவர் இல்லை. மெசியரோ நடு முன்வரிசை வீரர். முந்திய பருவகாலத்தில் நியூயோர்க்குக்காக 71 ஆட்டங்களில் 36 கோல்களை அடித்து, கோல்களும் கோலுக்கு உதவியவையுமாக 84 புள்ளிகளைச் சேர்த்திருந்தார். முப்பத்தாறு வயதுக்காரர் ஒருவரிடம் அதற்கு மேல் என்ன கேட்க முடியும்? கடதாசியில் வரைந்து பார்த்தால் அணியின் ஓட்டைக்கு அளவெடுத்துச் செய்த மூடி அவர்.

அந்தக் கணக்கில் ஒரு பகுதி சரியாகவும் இருந்தது. 1997 – 98 பருவகாலத்தில் பூரே 51 கோல்களை அடித்தார். மெசியர் 82 ஆட்டங்களிலும் ஆடி 22 கோல்களை அடித்து 60 புள்ளிகளைப் பெற்றார். சரிவுதான். ஆனால் இதைப் பேரழிவு என்று எந்தக் கணக்காளரும் சொல்லமாட்டார்.

பேரழிவு வேறிடத்தில் நடந்தது.

ஐஸ் ஹொக்கியில் அணித்தலைவரின் மார்பில் ஆங்கிலத்தின் மூன்றாவது எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். 1988 இல் பதினெட்டு வயதில் வன்கூவருக்கு வந்த லின்டன், 1991 இல் இருந்து தனித்தலைவராக அந்த எழுத்தைத் தாங்கியவர். 1997 இல் அவருக்கு வயது 27 மாத்திரமே. மெசியர் வந்ததும் அவர் அதனைக் கழற்றிக் கொடுத்தார். தாமாகவே முன்வந்து கொடுத்தார் என்பதும் பெருந்தன்மையான செயல் என்று அது அப்போது பாராட்டப்பட்டது என்பதும் உண்மை. ஆறு ஸ்டான்லி கிண்ணங்களை வென்ற மனிதர் உடைமாற்றும் அறைக்குள் நுழையும்போது கிண்ணம் எதுவும் வெல்லாத இளைஞர் வேறு என்ன செய்வார்? கேட்காமல் கொடுக்கப்படுகின்றவற்றில் கேட்டே வாங்கப்படுபவையும் உண்டு. லின்டனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்த எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பக்கத்தில் நின்று உதவுகிறேன் என்று மெசியர் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

இரண்டாவது விவகாரம் ஒரு இலக்கத்தைப் பற்றியது. மெசியர் நீண்டகாலமாக அணிந்துவந்தது 11 ஆம் இலக்கம். வன்கூவரில் அந்த இலக்கம் வெய்ன் மாக்கி என்பவருடையது. 1970 இல் கனக்ஸ் தேசிய ஹொக்கி லீக்கில் சேர்ந்த முதல் பருவகாலத்திலேயே ஆடியவர் மாக்கி. மூளைப் புற்றுநோய்க்கு ஆளாகி 1974 மே மாதம் 29 ஆவது வயதில் இறந்துபோனார். அதன் பின்னர் இருபத்து மூன்று வருடங்களாக அந்த இலக்கத்தை எவருக்கும் கொடுக்காமல் கழகம் ஒதுக்கி வைத்திருந்தது. முறைப்படியான அறிவிப்போ அரங்கக் கூரையில் கொடியோ இருக்கவில்லை. சொல்லப்படாத ஒரு மரியாதை மாத்திரமே. அந்த ஜேர்சி மெசியருக்குக் கொடுக்கப்பட்டபோது மாக்கியின் குடும்பத்தவர்களிடம் எவரும் கேட்கவில்லை. அவர்கள் மனம் நொந்ததை நகரம் அறிந்தது.

புள்ளிவிபரப் பட்டியலில் இடம்பெறாத விடயங்கள் இவை. ஆனால் ஒரு நகரம் தனது அணியை எதைக்கொண்டு தனதாக நினைக்கிறது என்பது இத்தகைய விடயங்களில்தான் தங்கியிருக்கிறது.

பருவகாலம் 1997 ஒக்டோபரில் டோக்கியோ நகரில் இரு காட்சி ஆட்டங்களைப் போன்ற கோலாகலத்துடன் ஆரம்பமானது. அங்கிருந்து திரும்பியதும் தொடர் தோல்விகள். நவம்பர் மாதம் முடிவதற்குள் நீண்டகாலப் பொது முகாமையாளர் பட் குயின் நீக்கப்பட்டார். பயிற்றுநர் டொம் ரென்னியும் நீக்கப்பட்டார். புதிய பயிற்றுநராக வந்தவர் மைக் கீனன். 1994 இல் ரேஞ்சர்ஸ் கிண்ணம் வென்றபோது மெசியருக்குப் பயிற்றுநராக இருந்தவர் அவரே. இனி வன்கூவரின் உடைமாற்றும் அறையில் தலைவரும் பயிற்றுநரும் நியூயோர்க்கில் இருந்து வந்தவர்கள் என்றாகியது. பழையவர்கள் தமது வீட்டிலேயே விருந்தாளிகளானார்கள்.

கீனன் கடுமையான மனிதர். மற்ற வீரர்களின் முன்னிலையில் லின்டனை அவர் ஏசித் தீர்த்த சம்பவம் இன்றும் வன்கூவரில் பேசப்படுகிறது. அதன் பின்னர் 1994 அணியை ஒவ்வொருவராகக் கலைக்கும் வேலை ஆரம்பமானது. 1998 ஜனவரியில், 1994 இறுதித் தொடரில் கோல் காத்த கேர்க் மக்லீன் அனுப்பப்பட்டார். பெப்ரவரி 6 ஆம் திகதி லின்டனே நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணிக்குப் பரிமாற்றம் செய்யப்பட்டார். மார்ச் மாதத்தில் இரசிகர்களின் செல்லப்பிள்ளையான ஜினோ ஓஜிக்கும் அதே அணிக்கு அனுப்பப்பட்டார். போகும்போது அவர் மெசியரை வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டிவிட்டுச் சென்றார். வீரர் பரிமாற்றங்களில் மெசியருக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பது இன்னமும் விவாதத்துக்குரியது. தீர்மானங்களுக்குக் கையெழுத்திட்டவர்கள் நிர்வாகத்தினரே. இருந்தாலும் தலைமைத்துவத்துக்காக மில்லியன் கணக்கில் ஊதியம் பெறுபவர், தலைமை சிதைந்தபோது தனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்த இடத்தில் வரலாறு ஒரு சிறிய குறும்பையும் செய்தது. 1998 பெப்ரவரியில் ஜப்பானின் நகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றது. தேசிய லீக்கின் தொழில்முறை வீரர்கள் பங்கேற்ற முதலாவது ஒலிம்பிக் அது. கனடா அணியில் மெசியருக்கு இடம் கொடுக்கப்படவில்லை. நாடே அதிர்ந்தது. லின்டனுக்கு இடம் கிடைத்தது. தனது கழகத்திலிருந்து துரத்தப்பட்ட இரண்டு வாரங்களுக்குள், செக் குடியரசுக்கு எதிரான அரையிறுதியில் கனடா 1 – 0 எனப் பின்தங்கியிருந்த வேளையில், ஆட்டம் முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம் இருக்கும்போது கோல் அடித்து அணியைக் காப்பாற்றியவர் லின்டன். பின்னர் தண்ட உதைகளைப் போன்ற தனிநபர் எறிகைகளில் செக் கோல் காப்பாளர் டொமினிக் ஹசெக்கை ஒருவராலும் கடக்க முடியாமல் கனடா தோற்றது வேறு கதை.

பத்திரிகைத் துறையிலும் இப்படியான காட்சிகளைக் கண்டிருக்கிறேன். நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையில், விற்பனை வீழ்ச்சியடைந்திருந்த காலத்தில், பெரும் பெயர் பெற்ற மூத்தவர் ஒருவர் அழைத்து வரப்பட்டார். அவரது தமிழுக்கும் அனுபவத்துக்கும் முன்னால் எங்களில் எவரும் நிற்க முடியாது. அவருக்குச் சாளரத்தோரம் இருந்த மேசையை ஒதுக்கினார்கள். பத்து வருடங்களாக அந்த மேசையில் இருந்து இரவிரவாகப் பக்கங்களை முடித்த செய்தி ஆசிரியர், தமது பேனாக்களையும் தேநீர்க் கோப்பையையும் தாமே தூக்கிக்கொண்டு உள்பக்கத்து மேசைக்குப் போனார். எவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார். மூத்தவர் எழுதிய பத்திகள் அருமையானவை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு வரும் செய்தியை முதற்பக்கத்தில் எங்கே வைப்பது என்று தீர்மானிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. இப்போது நானும் மூத்தவர்களின் வரிசையில் சேர்ந்துவிட்டேன். எவராவது அழைத்தால், எந்த மேசை என்று முதலில் கேட்பேன்.

அப்படியானால் முதிய முன்வரிசை வீரரை அழைப்பதே தவறா? ஹொக்கியின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. மெசியருக்கு முன்னரே, அவரை விட ஒன்பது வயது மூத்த ஒருவரை அழைத்து வெற்றிகண்ட அணி ஒன்று உண்டு. டெட்ரோயிட் ரெட் விங்ஸ் அணியில் 25 பருவகாலங்கள் ஆடி நான்கு ஸ்டான்லி கிண்ணங்களை வென்ற கோர்டி ஹோ 1971 இல் மணிக்கட்டு வாதத்தினால் ஓய்வுபெற்றார். கழக அலுவலகத்தில் அவருக்கு ஒரு பதவி கொடுக்கப்பட்டது. பெயர்ப்பலகை இருந்தது, வேலை இருக்கவில்லை. இரண்டு வருடங்கள் அப்படியே கழிந்தன.

1973 இல், தேசிய லீக்குக்குப் போட்டியாகத் தொடங்கப்பட்டிருந்த உலக ஹொக்கி சங்கத்தைச் சேர்ந்த ஹூஸ்டன் ஏரோஸ் அணி, ஹோவின் இரு மகன்களான மார்ட்டியையும் மார்க்கையும் தேர்ந்தெடுத்தது. ஒருவருக்கு வயது 19, மற்றவருக்கு 18. தேசிய லீக் அப்போது இருபது வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. பிள்ளைகளோடு தானும் வந்தால் என்ன என்று தந்தை கேட்டார். அணியின் பயிற்றுநரான பில் டினீன், டெட்ரோயிட்டில் ஹோவுடன் சேர்ந்து ஆடியவர். விளம்பரத்துக்கான வேடிக்கை என்றே பலரும் நினைத்தனர். ஆனால் 45 வயதான கோர்டி ஹோ 70 ஆட்டங்களில் 31 கோல்களை அடித்து, 69 கோல்களுக்கு உதவி, சரியாக 100 புள்ளிகளைப் பெற்றார். அந்த லீக்கின் மிகப் பெறுமதிவாய்ந்த வீரராகவும் தெரிவானார். 1974 இலும் 1975 இலும் ஹூஸ்டன் சம்பியன் ஆனது.

அடித்த கோல்களைக் காட்டிலும் உதவிய கோல்கள் இரு மடங்குக்கு மேல் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹோ சென்ற இடத்தில் அவர் எவரையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடமே வயதான லீக். அந்த அணிக்கும் அதே வயதுதான். இறந்த வீரரின் இலக்கமோ காயத்தோடு ஆடிய இளம் தலைவரின் நினைவோ அங்கு இருக்கவில்லை. பக்கத்தில் ஆடியவர்களோ அவர் பெற்ற பிள்ளைகள். அவர்கள் வளர்வதற்காகத்தான் அவர் வந்திருந்தார். பின்னர் 1979 – 80 பருவகாலத்தில், இரு லீக்குகளும் இணைந்த பிறகு, ஹார்ட்ஃபோர்ட் அணிக்காக 51 வயதில் ஆரம்பித்து 52 வயதில் முடித்து 80 ஆட்டங்களிலும் ஆடினார் என்பது தனியாக எழுதப்பட வேண்டிய அதிசயம்.

வன்கூவருக்குத் திரும்புவோம். மெசியரின் மூன்று பருவகாலங்களில் ஒன்றில்கூட கனக்ஸ் பிளேஓஃப் சுற்றுக்குச் செல்லவில்லை. 1999 ஜனவரியில் பூரே புளோரிடாவுக்குப் பரிமாற்றம் செய்யப்பட்டார். அதே மாதம் கீனனும் பதவி இழந்தார். மெசியர் மொத்தமாக 207 ஆட்டங்களில் 52 கோல்களை அடித்து 162 புள்ளிகளைப் பெற்றார். 2000 ஆம் ஆண்டு கோடையில் அவர் நியூயோர்க்குக்கே திரும்பினார்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதனை மறைப்பது நேர்மையாகாது. லின்டனைக் கொடுத்து வன்கூவர் பெற்றுக்கொண்டவர்கள் டொட் பேர்ட்டூஸியும் பிரயன் மக்கேபும். பேர்ட்டூஸி அடுத்த சில வருடங்களில் மார்க்கஸ் நாஸ்லன்ட், பிரெண்டன் மொரிசன் ஆகியோருடன் சேர்ந்து லீக்கின் மிகச் சிறந்த முன்வரிசைகளில் ஒன்றை அமைத்தார். 1999 இல் புதிய பொது முகாமையாளர் பிரயன் பேர்க் மக்கேபையும் எதிர்காலத் தெரிவொன்றையும் சிக்காகோவுக்குக் கொடுத்து நடத்திய தொடர் பேரங்களின் முடிவில்தான், சுவீடனின் இரட்டையர்களான டானியல் செடினும் ஹென்ரிக் செடினும் ஒரே அணிக்குக் கிடைத்தனர். அந்த இரட்டையர்களைச் சுற்றியே கனக்ஸ் அடுத்த பதினைந்து வருடங்களுக்குக் கட்டியெழுப்பப்பட்டது. இளம் வீரர்கள் மெசியரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. நாஸ்லன்ட் அவரை மதித்தே பேசியிருக்கிறார். ஆகவே மெசியர் வந்திராவிட்டால் செடின் சகோதரர்களும் வந்திருக்கமாட்டார்கள் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். வீடு எரிந்ததால்தான் நல்ல வீடு கட்டினோம் என்று தீக்கு நன்றி சொல்வதை ஒத்த வாதம் இது. பரிமாற்றங்களைச் சாமர்த்தியமாகச் செய்தவர்களுக்கான பாராட்டை முதலில் அவற்றுக்குத் தேவையை ஏற்படுத்தியவரின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

நியூயோர்க் நிர்வாகம் 1997 இல் அவரை விட்டதும் புத்திசாலித்தனமாக அமையவில்லை. அவர் போன பின்னர், கொலராடோ அணியின் ஜோ சாகிக்குக்கு மூன்று வருடங்களுக்கு 21 மில்லியன் டொலர் தருவதாக ரேஞ்சர்ஸ் அறிவித்தது. கொலராடோ அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொண்டது. 1998 இல் இருந்து 2004 வரை ஏழு வருடங்கள் தொடர்ந்து ரேஞ்சர்ஸ் பிளேஓஃப் சுற்றைக் காணவில்லை. அவற்றில் கடைசி நான்கு பருவகாலங்கள் மெசியர் திரும்பிவந்து, பிரயன் லீச்சிடமிருந்து தலைமையை மீண்டும் பெற்று ஆடியவை. அங்கு அவரை எல்லோரும் நேசித்தார்கள். அன்பும் வெற்றியும் சேர்ந்தே வரவேண்டும் என்று கட்டாயமில்லை. பொருத்தமான இடத்தில் இருந்தாலும் முதுமை முதுமைதான் என்பதற்கு அந்த நான்கு வருடங்கள் சாட்சி.

முதிய முன்வரிசை வீரர் ஒருவர் எப்படிப் பொருந்த வேண்டும் என்பதை வன்கூவர் இரசிகர்கள் 2011 இல் தமது அரங்கத்திலேயே பார்த்தார்கள். கசப்பான முறையில் பார்த்தார்கள். அந்த வருடம் செடின் சகோதரர்களின் கனக்ஸ் இறுதித் தொடருக்கு வந்தது. எதிரணி பொஸ்டன் புரூயின்ஸ். அந்த அணியில் 43 வயதான மார்க் ரெக்கி இருந்தார். வன்கூவர் அமைந்துள்ள அதே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கம்லூப்ஸ் நகரில் பிறந்தவர். பிற்ஸ்பேர்க்குடன் ஒரு கிண்ணத்தையும் கரோலினாவுடன் மற்றொரு கிண்ணத்தையும் வென்றவர். 2009 மார்ச்சில் பொஸ்டனுக்கு வந்த அவர், அதன் பின்னர் ஒவ்வொரு வருட ஒப்பந்தமாகவே ஆடிவந்தார். அணித்தலைவராகச் சாரா என்ற நெடிய பின்வரிசை வீரர் ஏற்கெனவே இருந்தார். அவர் தொடர்ந்தும் தலைவராகவே இருந்தார்.

ரெக்கியை நிறுத்திய இடம் பட்ரிஸ் பேர்ஜரோன், பிரட் மார்ஷான் ஆகிய இருவரின் ஓரத்தில். ஒருவருக்கு வயது 25, மற்றவருக்கு 23. ஓடுவதற்கு அவர்கள் இருந்தார்கள். கோல் வாயில் நெரிசலில் நின்று அடிவாங்கி, திரும்பி வருகின்ற பக்கைத் தட்டிவிடுவதே ரெக்கியின் வேலை. இறுதித் தொடரின் ஏழு ஆட்டங்களில் மூன்று கோல்களை அடித்து நான்கு கோல்களுக்கு உதவினார். ஸ்டான்லி கிண்ண இறுதித் தொடரில் கோல் அடித்த மிக வயதான வீரரும் அவரானார். 2011 ஜூன் 15 ஆம் திகதி வன்கூவரில் நடைபெற்ற ஏழாவது ஆட்டத்தில் பொஸ்டன் 4 – 0 என வென்றது. நான்கு கோல்களில் இரண்டு பேர்ஜரோனுடையவை, இரண்டு மார்ஷானுடையவை. ஆட்டம் முடிந்த கையோடு ரெக்கி தமது ஓய்வை அறிவித்தார். வெளியே, 1994 இல் போலவே, வன்கூவரின் வீதிகள் எரிந்தன.

லின்டன் 2001 நவம்பரில் வன்கூவருக்குத் திரும்பி வந்தார். 2008 இல் அங்கேயே ஓய்வுபெற்றார். அதே வருடம் டிசம்பரில் அவரது 16 ஆம் இலக்க ஜேர்சி அரங்கத்தின் கூரைக்கு உயர்த்தப்பட்டது. மெசியரின் 11 ஆம் இலக்கத்தை 2006 ஜனவரியில் நியூயோர்க் தனது கூரைக்கு ஏற்றியது. எட்மன்டனும் அவ்வாறே கௌரவித்தது. வன்கூவருக்கும் அவருக்கும் இடையில் மிச்சமிருந்தது ஒரு பணக் கணக்கு. மெசியர் ஆடிய காலத்தில் கழகத்தின் பெறுமதி உயர்ந்தால் அதில் ஒரு பங்கு அவருக்குச் சேரவேண்டும் என்று 1997 ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. அது தொடர்பான வழக்கு மத்தியஸ்தர் முன்னிலையில் சென்று, 2012 இல் அவருக்கு 6 மில்லியன் டொலர் வழங்கும்படி தீர்ப்பானது.

அவர் போன பின்னர் வன்கூவர் கழகம் 11 ஆம் இலக்கத்தை வேறு எந்த வீரருக்கும் வழங்கவில்லை. அது மீண்டும் வெய்ன் மாக்கியிடமே போய்விட்டது.